கம்பி தாங்குகிற அளவு



மாண்டலின் கம்பியைப் பற்றி எழுத ஒருவன் வந்துவிட்டானே, இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் உங்களில் பலரைப் போலத் தோட்டத்தில் பிறந்தவன்தான். லயத்து அஞ்சடியில் தவழ்ந்து, பால் வாளியின் வாடையிலே வளர்ந்தவன். என் வீட்டுச் சுவரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாய் திறக்காமல் தொங்கிய ஒரு மாண்டலினைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதை ஊமையாக்கியவன் நான்தான். அதற்குப் பரிகாரம் தேடி விதவிதமான கம்பிகளோடு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பாட்டில் நான் கற்றுக்கொண்டது, வாத்தியம் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டுமல்ல, பிள்ளைகள் உள்ள எல்லார் வீட்டுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

கெடா மாநிலத்தில் கூலிம் பக்கம் எங்கள் தோட்டம். அப்பா மரம் சீவுகிறவர். விடியுமுன் பெரட்டுக்குப் போனால், மங்கு மங்காகப் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப மதியமாகிவிடும். குளித்துச் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால், சாயங்காலம் அஞ்சடியில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மடியில் மாண்டலின் இருக்கும். 1963-இல் தோட்டத்தை விட்டு மாற்றலாகிப் போன ஒரு கிராணியிடம் முப்பத்தைந்து வெள்ளிக்கு வாங்கியது அது. அந்த நாளில் முப்பத்தைந்து வெள்ளி என்பது சின்னக் காசா? அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பிறகு முதன்முதலாக அதோடு சேர்ந்து பாடியதும் அம்மாதானாம்.

மாண்டலினைப் பார்த்திராத இளைய வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. அதன் பூர்வீகம் இத்தாலி நாடு. பார்வைக்குச் சின்ன கித்தார் மாதிரி இருக்கும். எட்டுக் கம்பிகள், ஆனால் இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஜோடியிலுள்ள இரண்டு கம்பிகளும் ஒரே சுதியில் நிற்கும். வயலினுக்கு வைக்கிற அதே சுதிதான். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிவரை ஜி, டி, ஏ, இ என்று மேனாட்டார் சொல்வார்கள். இரட்டைக் கம்பி ஒன்றாகப் பேசுவதால்தான் அந்தக் கிணுகிணு என்ற நாதம் பிறக்கிறது. அடித்த ஒலி சீக்கிரம் அடங்கிவிடும் என்பதால், பிக்கை மேலும் கீழுமாக வேகமாக ஓட்டி ஒலியை நீட்டிப் பிடிப்பார்கள். அப்பாவின் பிக் உடைந்த பிளாஸ்டிக் சீப்பிலிருந்து வெட்டித் தேய்த்தது.

கம்பிக்குத்தான் பஞ்சம். பட்டணத்துக்குப் போகும்போது அப்பா வாங்கி வருவது எப்போதும் மெல்லிய கம்பிப் பொட்டலம். அதுவும் ஆண்டுக்கு ஒரு முறை கிடைத்தால் உண்டு. நடுவில் அறுந்தால் பிரேக் கம்பியைப் பிரித்து, அதிலிருந்து மெல்லிய இழையாகப் பார்த்து உருவி, குறட்டால் ஒரு நுனியில் வளையம் முறுக்கிப் பூட்டிவிடுவார். பின்னல் போட்ட தடித்த கம்பிகள் அவ்வளவு சீக்கிரம் அறாது. ஆனால் அழுக்கேறி மந்தமாகிவிடும். அவற்றைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுத் துடைத்து மறுபடி மாட்டுவார். சில நாள் பளிச்சென்று பேசும், பிறகு பழைய கதைதான்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேனே. அப்பா சுதியை எப்போதும் ஒரு படி இறக்கித்தான் வைப்பார். ஏனென்று சின்ன வயதில் ஒருநாள் கேட்டேன். "கம்பி தாங்குற அளவுக்குத்தான் இழுக்கணும்டா" என்றார். பிரேக் கம்பி முழுச் சுதிக்கு இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும், அதனால்தான் அப்படிச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அதில் உண்மையும் இருந்தது. பின்னலில்லாத கம்பி எந்தச் சுதியில் அறும் என்பதை அதன் தடிமன் தீர்மானிப்பதில்லை. அதன் நீளமும், எவ்வளவு உயரச் சுதிக்கு இழுக்கிறோம் என்பதும், எஃகின் தரமும்தான் தீர்மானிக்கின்றன. வாத்தியத்துக்கென்று இழுத்த எஃகு வேறு, பிரேக்குக்கு இழுத்த எஃகு வேறு. ஆனால் அப்பாவின் பதிலில் நான் பிடித்துக்கொண்டது பாதிதான். மீதிப் பாதி விளங்க எனக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இடைநிலைப் பள்ளிக்காக நான் 1973-இலிருந்து ஐந்து ஆண்டு பட்டணத்தில் அத்தை வீட்டில் தங்கினேன். விடுமுறைக்குத்தான் தோட்டம். நான் பள்ளி முடித்து வந்த மறு ஆண்டே, 1978-இல், அம்மா காலமாகிவிட்டார். எனக்கு மூன்று வயது இளையவளான தங்கச்சிதான் அடுப்படியைப் பார்த்துக்கொண்டாள். எனக்குத் தோட்டத்து ஸ்டோரிலேயே வேலை கிடைத்தது. பால் உறையாமலிருக்க அம்மோனியா ஊற்றுவதும், சீட் போட ஆசிட் கலப்பதும் என் பொறுப்பு. வேலை விட்டு வந்ததும் அப்பாவின் மாண்டலினை எடுத்துத் தட்டிப் பழகுவேன். ஒரு தடவை அப்பாவுக்கு வெண்கலக் கம்பி வாங்கி வந்து போட்டேன். தங்கம் போல மின்னியது. இரண்டு வாரத்தில் என் விரல் படுகிற இடமெல்லாம் கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்துவிட்டது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டினேன். பாவம், அவன் மேல் குற்றமில்லை. செம்பு கலந்த உலோகத்துக்கு அம்மோனியா ஆகவே ஆகாது. ஸ்டோரில் அதைக் கையாண்டுவிட்டு, நன்றாகக் கழுவாத கையால் கம்பியைத் தொட்டது நான். ஆசிட் பட்ட விரலும் வியர்வையும் எஃகுக் கம்பியைத் துருப்பிடிக்க வைத்தன. அப்பா மட்டும் மாண்டலினைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பதும் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

இனி, என் குற்றத்துக்கு வருகிறேன்.

1981-ஆம் ஆண்டு, மாரியம்மன் கோயில் திருவிழா. பட்டணத்திலிருந்து ஓர் இசைக்குழு வருவதாக ஏற்பாடு. அவர்களோடு அப்பாவும் இரண்டு பாட்டுக்கு மாண்டலின் வாசிப்பதென்று கோயில் தலைவர் சொல்லிவிட்டார். எனக்கோ தலைகால் புரியவில்லை. முன்னோட்டம் பார்க்க வந்த குழுக்காரர் ஒருவர் அப்பாவின் மாண்டலினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னாங்க, சுதி இறங்கிக் கிடக்கு. சத்தமும் பத்தாது" என்றார். அவர் சொன்னது தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபத்தோரு வயது. நாலு எழுத்துப் படித்தவன் என்ற நினைப்பு வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த் போய், ஃபெர்ரி ஏறிப் பினாங்கில் இறங்கினேன். பாலம் திறக்காத காலம். அது 1985-இல்தான் வந்தது. கடையில் இரண்டு வகைப் பொட்டலம் இருந்தது. ஒன்று மெல்லியது, மற்றது நடுத்தரம். சத்தம் எதில் அதிகம் என்று கேட்டேன். நடுத்தரத்தைக் காட்டிய கடைக்காரர், "வாத்தியம் பழசா, புதுசா?" என்று கேட்டார். பழசு என்றால் தரமாட்டாரோ என்று, "புதுசு" என்று சொல்லிவிட்டேன். வாசகர்களே, அந்த ஒரு சொல்லை இன்றைக்கும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் வாங்கிக்கொள்வேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் அப்பா கோயில் பந்தல் வேலைக்குப் போயிருந்தார். நான் எட்டுக் கம்பிகளையும் மாற்றி, ஹார்மோனியத்தோடு வைத்துப் பார்த்து முழுச் சுதிக்கு ஏற்றினேன். சத்தம் கணீரென்று வந்தது. பக்கத்து வீட்டு அக்காகூட எட்டிப் பார்த்து, "இதுவா உங்கப்பா மாண்டலின்?" என்றார். பெருமை தாங்கவில்லை. அப்படியே சுவரில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் தகரக் கூரையடியில் நல்ல வெயில். மத்தியானம் எடுத்துப் பார்த்தால், கம்பிகளைத் தாங்குகிற குதிரை பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. மேல் பலகை உள்வாங்கி, நீளவாக்கில் ஒரு வெடிப்பு. கழுத்துத் தண்டும் வில்லாக வளைந்து, கம்பிகள் மெட்டுகளைவிட்டு எழும்பி நிற்கின்றன. விரலால் அமுக்கினால் அமுங்கவில்லை.

அப்பா வந்து பார்த்தார். நான் அடி விழும் என்று நின்றேன். அவர் வெடிப்பின் மேல் கட்டை விரலை ஒருமுறை ஓட்டினார். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். "பரவாயில்லடா, மரம் பழசு" என்றார். அவ்வளவுதான். அன்று ராத்திரி மேடையில் அப்பா வாசிக்கவில்லை. பஜனைக் கூட்டத்தோடு கீழே உட்கார்ந்து தாளம் தட்டினார். அதற்குப் பிறகு அந்த மாண்டலினை அவர் இறக்கவே இல்லை. வேறு வாங்கித் தருகிறேன் என்று நான் பலமுறை சொன்னேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிடுவார். 1996-இல் கண்ணை மூடினார்.

இந்த விஷயத்தை நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் கேளுங்கள். பொட்டலத்தின் மேல் 10, 14, 24, 34 என்றோ, 11, 15, 26, 40 என்றோ எண்கள் இருக்கும். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் எத்தனை பங்கு தடிமன் என்பதைக் குறிக்கிற எண்கள் அவை. முதல் கம்பி 10-லிருந்து 11 ஆனால், தடிமன் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் அதே சுதிக்கு இழுக்க, இழுவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். தடிமனை அதே தடிமனால் பெருக்குகிற கணக்கு இது. சுதியை ஒரு முழுப் படி ஏற்றினாலும் அப்படித்தான். இழுவை மேலும் கால் பங்கு ஏறிவிடும். இரண்டையும் சேர்த்தே செய்த மகாராஜன் நான். அப்பா வைத்திருந்த மெல்லிய கம்பியில், இறக்கிய சுதியில், எட்டுக் கம்பியும் சேர்ந்து சுமார் 50 கிலோ இழுத்திருக்கும். நான் போட்டதில் சுமார் 80 கிலோ. ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பதினெட்டு ஆண்டாக அப்பா பார்த்துப் பார்த்து வைத்த வாத்தியத்தின் மேல் ஒரே ராத்திரியில் முப்பது கிலோ மூட்டையை ஏற்றிவிட்டேன்.

தோட்டம் கைமாறிப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போனோம். நான் தாமானில் வீடு வாங்கிக் குடியேறினேன். மாண்டலினும் கூடவே வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 2019-இல், என் பேத்தி சுவரைக் காட்டி, "தாத்தா, இது ஏன் பாடாது?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது? மறு வாரமே அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வாத்தியம் பழுது பார்க்கும் சீனர் ஒருவரிடம் போனேன். அவர் வெடிப்பை ஒட்டி, மேல் பலகையின் உட்புறம் ஒரு தாங்குக் கட்டை வைத்து, தண்டையும் முடிந்தவரை நிமிர்த்திக் கொடுத்தார். "அங்கிள், இனிமே மெல்லிய கம்பி மட்டும்தான். தடிப்புப் போட்டா என்கிட்ட வரக்கூடாது" என்று சிரித்துக்கொண்டே எச்சரித்தார்.

அப்போது தொடங்கியது என் பைத்தியம். அப்பாவின் மாண்டலின் என் காதில் ஒலித்த மாதிரியே மறுபடி ஒலிக்க வேண்டும். அதற்கு எந்தக் கம்பி? 2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வீட்டோடு கிடந்தபோது, இதுதான் எனக்கு வேலை. ஒரு கணக்குப் புத்தகத்தில் தேதி போட்டு, கம்பியின் வகை, எண், ஒலி, எத்தனை நாள் தாங்கியது என்றெல்லாம் எழுதி வைத்தேன். வீட்டுக்காரி, "பால் கணக்கு எழுதினவரு இப்போ கம்பிக் கணக்கு எழுதுறாரு" என்று கேலி செய்வாள்.

முதலில் போட்டது எண்பதுக்கு இருபது என்று சொல்லும் வெண்கலச் சுற்று. பேர்தான் வெண்கலம், செம்பு எண்பது பங்கு, துத்தநாகம் இருபது பங்கு சேர்ந்தால் அது பித்தளையல்லவா? புதிதில் கோயில் மணி போலப் பிரகாசமான ஒலி. நம் வெக்கைக்கும் வியர்வைக்கும் மூன்று வாரத்தில் மங்கிவிட்டது.

அடுத்தது பாஸ்பர் வெண்கலம். செம்போடு வெள்ளீயமும், துளியளவு பாஸ்பரசும் சேர்ந்தது. முந்தியதைவிட வெதுவெதுப்பான ஒலி. அதிக நாளும் தாங்கியது. பேத்திக்கு இதுதான் மிகவும் பிடித்தது. நல்ல கம்பிதான், ஆனால் அப்பாவின் ஒலி இல்லை.

மூன்றாவது நிக்கல் சுற்று. பளபளப்பு குறைவு, அடக்கமான ஒலி. அப்பா பழைய காலத்தில் வாங்கியது இந்த வெள்ளை நிறக் கம்பிதான் என்று ஞாபகம். போட்டுப் பார்த்தபோது கிட்டே வந்துவிட்டோம் என்று நெஞ்சு படபடத்தது. ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது.

நான்காவது தட்டைச் சுற்று. உருண்டைக் கம்பிக்குப் பதிலாகத் தட்டை நாடாவைச் சுற்றியிருப்பார்கள். கை வழுக்கிக்கொண்டு போகும், விரல் ஓடும்போது கிறீச்சென்ற சத்தம் இல்லை. மூட்டு வலியுள்ள என் விரல்களுக்குச் சொர்க்கம். ஒலி உருண்டையாக, கொஞ்சம் அமுங்கினாற்போல் வரும். நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கியதை வீட்டுக்காரிக்கு நெடுநாள் சொல்லவில்லை.

ஐந்தாவது, எஃகுக்கும் சுற்றுக்கும் நடுவே பட்டு இழை வைத்தது. மிக மென்மை, பிள்ளைகளின் விரல் நோகாது, பழைய பலகைக்கும் பாரம் குறைவு. சத்தம்தான் அடுத்த அறைக்குக் கேட்காது. ஆறாவதாக ஓர் ஆசையில் மீன் பிடிக்கிற நைலான் நரம்பைக்கூடப் போட்டுப் பார்த்தேன். நாள் முழுக்க முறுக்கினாலும் நீண்டுகொண்டே போயிற்று. ஒரு வாரம் கழித்து நின்றது. ஒலியோ தகரத்தில் மழைத்துளி விழுந்த மாதிரி. அதைக் கழற்றித் தூண்டிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏழாவதுதான் எனக்குப் புதுப் பாடம். உப்பலப்பு ஸ்ரீநிவாஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1969-இல் ஆந்திராவின் பாலக்கொல்லில் பிறந்து, சின்னப் பையனாக மேடையேறி, மாண்டலினில் கர்நாடக சங்கீதத்தை உலகமெல்லாம் கொண்டுபோனவர். 2014-இல் சென்னையில் நாற்பத்தைந்து வயதிலேயே மறைந்துவிட்டார். அவர் வாசித்த மின்சார மாண்டலினில் ஜோடிக் கம்பி கிடையாது. ஒற்றை ஒற்றையாக ஐந்து கம்பிகள். இரட்டைக் கம்பியை ஒரே விரலால் இழுத்து அசைத்துக் கமகம் கொண்டுவருவது கடினம். ஒற்றைக் கம்பியானால் விரல் சொன்னபடி கேட்கும். நானும் ஜோடிக்கு ஒன்றைக் கழற்றி நான்கே கம்பியில் வாசித்தேன். மேல் பலகைக்கும் பாதிப் பாரம் குறைந்தது. கமகம் அழகாக அசைந்தது. ஆனால் மின்சாரம் இல்லாத என் மாண்டலினில் அந்தக் கிணுகிணுப்பு போய்விட்டது. ஒற்றைக் கையால் கும்பிட்ட மாதிரி இருந்தது. மறுபடி எட்டையும் பூட்டினேன்.

இப்படி இரண்டு ஆண்டு ஓடியது. நோட்டுப் புத்தகம் நிறைந்தது. அப்பாவின் ஒலி வரவில்லை. எல்லாம் நம் மனப்பிரமை, காலம் போய்விட்டது, காதும் பழசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். கடைசியாகப் போட்ட நிக்கல் கம்பி அப்படியே கிடந்தது.

2022 தீபாவளிக்குத் தங்கச்சி வீட்டுக்கு வந்திருந்தாள். பலகாரம் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கையில், பேத்தி மாண்டலினைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "அம்மா பாடுற மாரியம்மன் தாலாட்டு வாசியேன், நான் கூடப் பாடுறேன்" என்றாள் தங்கச்சி. தொடங்கினோம். இரண்டாவது அடியிலேயே அவள் குரல் எட்டாமல் நின்றுவிட்டது. "அண்ணே, கொஞ்சம் இறக்கேன். அப்பா வைக்கிற மாதிரி வை" என்றாள்.

"அப்பா பிரேக் கம்பி அறுந்துடும்னுதானே இறக்கி வச்சாரு?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா? நீதான் அத்தை வீட்டுல இருந்தியே. அம்மாவுக்கு மேலே எட்டாது. ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். அம்மா குரலுக்குத்தான் அப்பா இறக்கி வச்சாரு. அம்மா போன பிறகும் ஏத்தவே இல்லையே."

எனக்குப் பேச்சு வரவில்லை. எட்டுச் சாவிகளையும் ஒவ்வொன்றாகத் திருகி ஒரு படி இறக்கினேன். ஜோடிகளைச் சேர்த்தேன். மீட்டினேன்.

வந்துவிட்டது, வாசகர்களே. அதே ஒலி. அஞ்சடியில், மண்ணெண்ணெய் விளக்கடியில், சோப்பு வாசம் போகாத அப்பாவின் விரலிலிருந்து வந்த அந்த ஒலி. இழுவை குறைந்ததும் கம்பி கூச்சலை விட்டுவிட்டு, நிதானமாக, அடிவயிற்றிலிருந்து பேசியது. தங்கச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடத் தொடங்கினாள். இந்தத் தடவை குரல் எங்கேயும் நிற்கவில்லை.

கம்பி தாங்குகிற அளவு என்று அப்பா சொன்னாரே, அதன் மீதிப் பாதி இதுதான். கம்பியை மட்டும் மனத்தில் வைத்து அவர் சொல்லவில்லை. கூடப் பாடுகிறவர் எவ்வளவு தாங்குவார் என்று பார்த்துச் சுதி வைத்தவர் அவர். சுதி தவறு என்று திருத்தப் போன நான், யாருக்காக அந்தச் சுதி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் 1981-இல் அந்த மேடையில் அப்பா உட்கார்ந்திருப்பார். நம் பெரியவர்கள் செய்கிற பழைய காரியம் நமக்குப் பிழையாகத் தெரியலாம். திருத்துவதற்கு முன் ஏனென்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கிற நாள் நமக்கு நிறைய இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். இருப்பதில்லை.

வீட்டில் பிள்ளைகள் மாண்டலினோ கித்தாரோ பழகினால், என் நோட்டுப் புத்தகத்திலிருந்து சில குறிப்புகள். பழைய வாத்தியத்துக்கு எப்போதும் மெல்லிய கம்பியே போடுங்கள். மாண்டலினில் குதிரையை ஒட்டியிருக்கமாட்டார்கள். கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். ஆகவே எட்டையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஜோடியில் ஒன்று அறுந்தால் இரண்டையும் மாற்றுங்கள். பழையதும் புதியதும் ஒத்துப் பேசாது. தடிமன் மாறினால் குதிரையைச் சற்றே நகர்த்த வேண்டியிருக்கும். பன்னிரண்டாவது மெட்டில் அமுக்கினால் வெறுங்கம்பியின் மேல் ஸ்தாயி சரியாக வருகிறதா என்று பாருங்கள். மாண்டலின் கம்பியின் நுனியில் வளையம் இருக்கும், கித்தார் கம்பியின் நுனியில் குண்டு இருக்கும். அவசரத்துக்குக் குண்டைக் குறட்டால் எடுத்துவிட்டால் அதே எண்ணுள்ள கித்தார் கம்பியும் பொருந்தும். தொடுமுன் கையைக் கழுவுங்கள், வாசித்தபின் துணியால் துடையுங்கள். அடுப்புக்கும் தகரக் கூரைக்கும் பக்கத்தில் மாட்டாதீர்கள்.

என் பேத்திக்கு இப்போது நன்றாக வாசிக்க வருகிறது. இணையத்தில் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்க சுதி ஒரு படி குறைவு" என்றாள் போன மாதம். கோபம் வரவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, அவளுடைய கொள்ளுப்பாட்டியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, ஏற்றியிருந்த ஒரு சாவியைத் தானாகவே இறக்கி வைத்தாள்.

போய் வருகிறேன், வணக்கம்.